ஓட்டையைக் கண்டவனுக்கு வாய்ப்பூட்டா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



கம்ப்யூட்டர் சமாசாரத்தை நம் வகுப்பில் ஏன் பேச வேண்டும் என்று உள்ளே வரும்போதே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். யந்திரத்துக்குள் ஓடும் கணக்கையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர என்னால் முடியாது. அதற்கு நான் வரவும் இல்லை.

ஒரு பண்டத்தில் ஓட்டை இருக்கிறது. அதைச் செய்து விற்ற கம்பெனிக்கு அது தெரியாது. அல்லது தெரிந்தும் தெரியாதது போல் இருக்கிறது. யாரோ ஒருவர் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து விடுகிறார். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? அவர் வெளியே பேசலாமா, கூடாதா? அவர் வாயை அடைக்கப் பார்ப்பவர் யார்? என்ன விலை கொடுத்து அடைக்கப் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டியதில்லை. மில் கேட்டுக்குள் பத்து வருஷம் காலம் தள்ளியவனுக்கு இது அத்துப்படி. சற்று முன்புகூட, தங்கள் மில்லில் சாமான் ஏற்றும் லிப்டின் இரும்புக் கயிறு பிரிந்து கிடக்கிறது, மூன்று தடவை மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று, பலன் இல்லை என்று இரண்டு தோழர்கள் என்னிடம் சொன்னார்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இன்டர்நெட் வழியாகப் பேசுவது நமக்குப் புதிதல்ல. கட்டட வேலைக்குத் துபாய் போன பிள்ளை ராத்திரி வேலை முடிந்து வந்து முகம் காட்டிப் பேசுவது எதில்? 2020-ல் ஊரடங்கு போட்டபோது நம் கமிட்டிக் கூட்டங்கள் எதில் நடந்தன? கூலி பாக்கியைப் பற்றி, வேலைநீக்கம் பற்றி, யாரை எங்கே அனுப்புவது என்பதைப் பற்றி, முதலாளி காதில் விழக்கூடாத பேச்சையெல்லாம் ஏதோ ஒரு முதலாளி செய்து கொடுத்த சாமானில்தான் பேசினோம். வேறு வழி இல்லை, பேசினோம். அந்தச் சாமானில் ஓட்டை இருந்தால் அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா, இல்லையா?

முதலில் ஒரு சிறு விளக்கம். பழைய டெலிபோனில் குரல் கம்பியோடு ஓடியது. இன்டர்நெட் பேச்சில் ஒரு சாப்ட்வேர் உங்கள் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் எழுதி அனுப்புகிறது. மறுமுனையில் இன்னொரு சாப்ட்வேர் அந்தத் துண்டுகளைச் சேர்த்து மறுபடி குரலாக்குகிறது. சாப்ட்வேர் என்றால் வேறொன்றுமில்லை. யந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று மனிதன் எழுதிக் கொடுத்த உத்தரவுகளின் நீண்ட பட்டியல். அதை எழுதுகிறவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தான். கெடு வைத்து விரட்டுகிறார்கள். தப்பு விழத்தான் செய்யும். தப்பு விழுவதையே நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஸ்பின்னிங்கில் இழை அறுவது சகஜம். அறுந்ததை மறைத்துக் கட்டி அனுப்பினால்தான் குற்றம்.

எடுக்காத போனில் கேட்ட சத்தம்

2019 ஜனவரி மாதம். அமெரிக்காவில் அரிசோனா மாகாணம், டூசான் நகரம். 14 வயதுப் பையன் ஒருவன் சிநேகிதர்களோடு விளையாடுவதற்காக ஆப்பிள் கம்பெனியின் ஐபோனில், பேஸ்டைம் என்ற வசதி மூலம் அவர்களைக் கூப்பிடுகிறான். பல பேர் ஒரே சமயத்தில் பேசுகிற வசதியை ஆப்பிள் வெளியிட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சிநேகிதனுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவனையும் சேர்க்கிறான். முதல் சிநேகிதன் போனை எடுக்கவே இல்லை. ஆனால் அவன் அறையில் எழுகிற சத்தம் இவன் காதில் விழுகிறது!

மணி அடிப்பது எதற்காக? எடுப்பதா வேண்டாமா என்று நாம் தீர்மானிப்பதற்காக. வாசலில் நின்று கூப்பிட்டவன், நாம் கதவைத் திறக்கும் முன்பே சுவரோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? அந்த ஓட்டை அந்த ரகம்.

பையன் தாயிடம் சொன்னான். தாய் ஒரு வக்கீல், விவரம் தெரிந்தவர். ஆப்பிளுக்கு ஈமெயில் அனுப்பினார், பேக்ஸ் அனுப்பினார், போன் செய்தார். சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கென்று கம்பெனி வைத்திருக்கும் பதிவேட்டில் முதலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு பிறகு புகார் கொடுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கிணற்றில் பாம்பு கிடக்கிறது என்று ஓடிவந்து சொன்னவளிடம், உனக்குப் பாம்பு பிடிக்கும் லைசென்சு உண்டா என்று கேட்ட கதைதான்!

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. ஜனவரி 28 அன்று அந்தத் தந்திரம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, பத்திரிகைகள் எழுதின. அன்று இரவே ஆப்பிள் அந்த வசதியை உலகம் முழுவதும் நிறுத்தி வைத்தது. பிப்ரவரி 7 அன்று திருத்தம் வெளிவந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது, பையன் பெயரைப் போட்டு நன்றி சொன்னது, அவன் படிப்புக்குப் பணமும் தருவதாகச் சொன்னது. நல்லது. ஆனால் கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு தாய் கதறியபோது ஒரு வாரத்துக்கு மேல் அசையாத கம்பெனி, ஊர் அறிந்ததும் ஒரே ராத்திரியில் அசைந்தது.

பரண் மேல் படுத்திருந்த ஆள்

இனி முக்கியமான வழக்குக்கு வருகிறேன். ஜூம் என்ற கம்பெனி கலிபோர்னியாவில் இருக்கிறது; 2011-ல் ஆரம்பித்தது. 2019 மார்ச் 26 அன்று ஜொனாதன் லைட்ஷு என்ற சாப்ட்வேர்காரர் அந்தக் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதினார். ஆப்பிளின் மாக் ரகக் கம்ப்யூட்டரில் ஜூமை ஏற்றி வைத்திருப்பவர் இன்டர்நெட்டில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தை எழுதியவன் விஷமக்காரனாக இருந்தால், திறந்தவரைக் கேட்காமலே ஒரு ஜூம் கூட்டத்துக்குள் இழுத்துப் போட்டு விடலாம். காமிராவை நிறுத்தி வைக்கும்படி அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் காமிராவும் ஓட ஆரம்பித்துவிடும். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட காமிராக்கள் இப்படித் திறந்து கிடக்கின்றன என்பது அவர் போட்ட கணக்கு.

இது எழுத்துப் பிழையால் விழுந்த ஓட்டை அல்ல, தோழர்களே! இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆப்பிள் தன் கம்ப்யூட்டரில், ஜூமைத் திறக்கலாமா என்று ஒரு தடவை உரிமையாளரைக் கேட்கும்படி வைத்தது. அந்த ஒரு கேள்வியால் வாடிக்கைக்காரனுக்குச் சலிப்பு வரும் என்று ஜூம் கம்பெனி கருதியது. ஆகவே ஜூமோடு கூடவே, உரிமையாளருக்குச் சொல்லாமல், இன்னொரு சின்ன சாப்ட்வேரையும் உள்ளே குடிவைத்தது. கேள்வி கேட்க விடாமல் கதவைத் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. ஜூமே வேண்டாம் என்று ஒருவர் அழித்துவிட்டாலும் அந்தச் சின்னது அழியாது. வாடகைக்காரனைக் காலி செய்து கதவைப் பூட்டிவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். அவனுடைய ஆள் பரண் மேல் படுத்திருக்கிறான். கூப்பிட்டால் இறங்கி வந்து, கதவைத் திறந்து, பழைய வாடகைக்காரனை மறுபடியும் உள்ளே கூட்டி வந்து உட்கார வைப்பான். வியாபாரம் ஒரு நொடி வேகமாக ஓடவேண்டும் என்பதற்காக மற்றவன் வீட்டுச் சாவியை எடுத்துக் கொண்டார்கள்.

லைட்ஷு என்ன செய்தார்? உடனே தெருவில் நின்று கூவவில்லை. ஓட்டை இன்னது, தற்காலிகமாக இப்படி ஒட்டலாம் என்று யோசனையும் சொல்லி, 90 நாள் கெடு வைத்தார். 90 நாளில் சரி செய்யுங்கள்; செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்குப் பிறகு விஷயம் ஜனங்களுக்குப் போகும் என்றார்.

நம் பாஷையில் சொன்னால் இது ஸ்டிரைக் நோட்டீஸ். நாம் என்ன செய்கிறோம்? கோரிக்கையை எழுதுகிறோம், தேதி போடுகிறோம், கெடு வைக்கிறோம். பேச்சு வார்த்தைக்கு வழி விடுகிறோம். கெடு முடிந்தால் வெளியே வருகிறோம். கெடு இல்லாத நோட்டீஸை மானேஜர் மேஜையிலே போட்டுவிட்டு அதன் மேல் டீ டம்ளரை வைப்பான். கம்ப்யூட்டர் உலகத்திலும் இந்த வழக்கம் வாதாடி வாதாடி வந்ததுதான். கூகிள் கம்பெனியில் ஓட்டை தேடுவதற்கென்றே 2014-ல் அமைத்த ஒரு குழு 90 நாள் கெடுவைக் கடுமையாக அமல்படுத்தியது. பெரிய கம்பெனிகள் முணுமுணுத்தன, ஆனாலும் வழிக்கு வந்தன.

சரி, ஜூம் கம்பெனி என்ன செய்தது? ஓட்டை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதிலேயே தாமதம். எப்படிச் சரி செய்வது என்று லைட்ஷுவோடு உருப்படியாகப் பேச உட்கார்ந்தது ஜூன் 11 அன்று. அப்போது கெடு முடிய மூன்று வாரம்கூட இல்லை. இடையில் ஏப்ரல் 18 அன்று அந்தக் கம்பெனி முதன்முதலாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. 36 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலைக்குள் 62 டாலர் ஆயிற்று. தாமதத்துக்கும் பங்கு விற்பனைக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சாட்சி சொல்லவில்லை. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தது. லைட்ஷுவுக்குச் சன்மானம் தருவதாகச் சொன்னது. ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு இப்படிச் சன்மானம் தருவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். ஆனால் ஜூம் வைத்த நிபந்தனையைப் பாருங்கள்: ஓட்டையைச் சரி செய்து முடித்த பிறகும்கூட விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது! ஓட்டை திறந்திருக்கும்போது திருடன் வருவான், வாயை மூடு என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓட்டையை அடைத்த பிறகும் வாயை மூடு என்றால் யாரைக் காப்பாற்ற? வாடிக்கைக்காரனையா, கம்பெனியின் பெயரையா?

லைட்ஷு பணம் வேண்டாம் என்றார்.

ஜூன் கடைசியில் கம்பெனி ஒரு ஒட்டுப் போட்டது. அது அவர் முதலிலேயே தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்த ஒட்டுத்தான். பரண் மேல் ஆள் அப்படியே இருந்தான். ஜூலை 8 அன்று அவர் முழு விவரத்தையும் வெளியிட்டார். முதலில் கம்பெனி, வாடிக்கைக்காரரின் சௌகரியத்துக்காகத்தான் அப்படி வைத்தோம் என்று நியாயம் பேசியது. ஜனங்கள் விடவில்லை. மறுநாளே, ஜூலை 9 அன்று, அந்தச் சின்ன சாப்ட்வேரை எடுத்துவிடுகிறோம் என்று இறங்கி வந்தது. ஜூலை 10 அன்று ஆப்பிள் கம்பெனியும் தானாகவே முன்வந்து எல்லா மாக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் அதைத் துடைத்தெடுத்தது. மூன்று மாதத்துக்கு மேல் கடிதப் போக்குவரத்தில் நடக்காதது இரண்டு நாளில் நடந்தது.

அடுத்த வருஷம் என்ன வந்தது? கொரோனா. 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு கோடிப் பேர் கலந்துகொண்ட ஜூம் கூட்டங்களில் 2020 ஏப்ரலில் முப்பது கோடிப் பேர் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது. பள்ளிக்கூடம், கோர்ட்டு, நம் கமிட்டி, எல்லாம் அதற்குள். லைட்ஷு அந்தப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தால், அத்தனை பேரும் உள்ளே வந்த காலத்தில் பரண் மேல் ஆள் படுத்திருந்திருப்பான். படுத்திருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

2020 நவம்பரில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் ஜூம் மீது குற்றச்சாட்டு வைத்தபோது இந்த ரகசிய சாப்ட்வேரும் அதில் ஒரு அம்சமாக இருந்தது. முனைக்கு முனை பூட்டிய பேச்சு என்று விளம்பரம் செய்துவிட்டு அப்படிப் பூட்டாமல் இருந்ததும் அதில் ஒன்று. தண்டனை? இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்ற ஒப்பந்தம். அபராதம் ஒரு டாலர்கூடக் கிடையாது. உபயோகித்தவர்கள் தாங்களே சேர்ந்து வழக்குப் போட்ட பிறகுதான் 2021-ல் எட்டரைக் கோடி டாலர் கொடுக்க கம்பெனி சம்மதித்தது.

மௌனத்துக்கு இன்னொரு கிராக்கி

ஓட்டையைக் கண்டவனின் மௌனத்தை வாங்க இன்னொரு வியாபாரி நிற்கிறான். இவன் ஜூமை விட அபாயமானவன். கம்பெனி மானத்துக்காக மௌனத்தை வாங்குகிறது. இவன் உபயோகிப்பதற்காக வாங்குகிறான்.

2019 ஜனவரியில், இப்படி ஓட்டைகளை வாங்கி விற்கும் ஜெரோடியம் என்ற கம்பெனி பகிரங்கமாக விலைப்பட்டியல் போட்டது. வாட்ஸ்அப் வழியாக, போன்காரர் எதையும் தொடாமலே போனுக்குள் நுழைய வழி சொன்னால் பத்து லட்சம் டாலர் வரை! எவருக்கும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அந்த விலை. வாட்ஸ்அப் கம்பெனிக்குத் தெரிந்து அடைத்துவிட்டால் சரக்கு அன்றே செல்லாக்காசு.

அந்த விலைப்பட்டியல் வந்து நான்கு மாதத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் கூப்பிடும் வசதியிலேயே ஒரு ஓட்டை இருந்தது. ஒரு அழைப்பு வரும். எடுக்க வேண்டியதில்லை, மிஸ்டு கால் போதும். அந்த அழைப்போடு வந்த விஷமத் துண்டுகள் போனுக்குள் இறங்கி, பெகாசஸ் என்ற வேவு சாப்ட்வேரை உள்ளே கொண்டுவந்து வைத்துவிடும். அதைச் செய்தது இஸ்ரேல் நாட்டின் என்.எஸ்.ஓ. என்ற கம்பெனி. சர்க்கார்களுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் வாக்குமூலம். 2019 மே மாதத் தொடக்கத்தில் வாட்ஸ்அப் இதைக் கண்டுபிடித்து அடைத்து, 13-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தது. அதற்குள் இரண்டு வாரத்தில் சுமார் 1,400 போன்கள் குறிவைக்கப்பட்டிருந்தன. யாருடைய போன்கள்? கொள்ளைக்காரர்களுடையவையா? வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், மனித உரிமைக்காகப் போராடுகிறவர்கள், அரசியல் எதிர்ப்பாளர்கள் அதில் இருந்தார்கள்.

வாட்ஸ்அப்பின் எஜமானனைத் தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை. மே மாதத்தில் அடைத்த ஓட்டைக்கு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சேதி அனுப்பியது அக்டோபர் கடைசியில், என்.எஸ்.ஓ. மீது கலிபோர்னியாவில் வழக்குப் போட்ட சமயத்தில்தான். ஐந்து மாதம் அந்த மனிதர்கள் தங்கள் போனை நம்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கில் 2025 மே மாதம் ஜூரர்கள் பதினாறு கோடியே எழுபது லட்சம் டாலருக்கு மேல் தண்டத் தொகை விதித்தார்கள். அக்டோபரில் நீதிபதி அதைச் சுமார் நாற்பது லட்சமாகக் குறைத்தார். கூடவே, வாட்ஸ்அப்பைத் தொடக்கூடாது என்று என்.எஸ்.ஓ.வுக்கு நிரந்தரத் தடையும் போட்டார்.

நம் நாட்டில்

இந்த 1,400-ல் நம் நாட்டுக்காரர்கள் எத்தனை பேர்? 121 பேரைக் குறிவைத்திருக்கலாம் என்று 2019 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் அவசர உதவிக் குழுவுக்கு வாட்ஸ்அப் எழுதியது. முதல் தகவலை மே மாதமே கொடுத்துவிட்டது. இதெல்லாம் பார்லிமெண்டில் சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த 121 பேருக்குச் சர்க்கார் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் கடைசியில் விஷயம் பத்திரிகையில் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பீமா கோரேகான் வழக்கில் சிறைப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீலும், பழங்குடியினருக்காக வேலை செய்தவர்களும் தங்களுக்குச் சேதி வந்ததாக அப்போது வெளிப்படையாகச் சொன்னார்கள்.

பெகாசஸை வாங்கினீர்களா, இல்லையா என்று கேட்டால் நேரான பதில் இன்றுவரை கிடையாது. 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு தடவையும் தப்பித்துவிட முடியாது என்றும் சொன்னது. 2022 ஆகஸ்டில் கோர்ட்டில் தெரிவிக்கப்பட்டது என்ன? சோதித்த 29 போன்களில் ஐந்தில் விஷம சாப்ட்வேர் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதி சொல்ல முடியவில்லை. மத்திய சர்க்கார் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. ஜூம் கம்பெனியாவது பணம் கொடுத்து மௌனத்தை வாங்கப் பார்த்தது. சர்க்காருக்கு அந்தச் செலவும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அரிசோனாப் பையன் கண்ட ஓட்டை வேறெங்கும் இருக்குமோ என்று நடாலி சில்வனோவிச் என்ற பெண்மணி தேடிப் பார்த்தார். முன்பு சொன்ன கூகிள் குழுவைச் சேர்ந்தவர். ஐந்து சாப்ட்வேர்களில் அதே ஜாதி ஓட்டை அகப்பட்டது. போனை எடுக்கும் முன்பே சத்தமோ படமோ மறுமுனைக்குப் போய்விடும். சிக்னல், பேஸ்புக் மெஸெஞ்சர், கூகிளின் சொந்தச் சரக்கான டுவோ, வியட்நாமின் மோச்சா, ஐந்தாவதாக நம் அம்பானியின் ஜியோசாட்! அவரவருக்கு முதலில் சொன்னார். 2019 செப்டம்பரிலிருந்து 2020 டிசம்பருக்குள் எல்லோரும் அடைத்தார்கள். ஜியோசாட்டில் அடைத்தது 2020 ஜூலையில். 2021 ஜனவரியில் எது எங்கே எப்படி இருந்தது என்று முழுவதையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். தன் சொந்தக் கம்பெனியின் ஓட்டையையும் மறைக்கவில்லை. பேஸ்புக் அவருக்கு 60,000 டாலர் சன்மானம் கொடுத்தது. அதை அவர் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் பூட்டு இல்லை, பாருங்கள். சன்மானம் கொடுப்பது தப்பல்ல. கண்டுபிடித்தவர் உழைத்திருக்கிறார், கொடுக்கட்டும். பூட்டோடு கொடுப்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

நம் நாட்டில் ஒரு பையன் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? புகாரை வாங்கிக்கொள்ள அந்த அவசர உதவிக் குழு இருக்கிறது. 2004-லிருந்து இருக்கிறது. ஆனால் 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளும் இருக்கின்றன. உரிமையாளர் அனுமதியில்லாமல் அவருடைய கம்ப்யூட்டரைத் தொட்டது மோசடி எண்ணத்தோடு என்று தீர்ந்தால் மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். மோசடி எண்ணமா, நல்ல எண்ணமா? கோர்ட்டு சொல்லும். அதுவரை ஜாமீனுக்கு யார் அலைவது? நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சொல்கிறவனைத் தொடக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும். பஞ்சப்படி கோரிக்கையோடு இதையுமா என்று சிரிக்காதீர்கள். ரேஷன் கடையில் கைரேகை, வேலை உறுதித் திட்டத்தில் வருகைப் பதிவு, எல்லாம் சாப்ட்வேரில் வந்துவிட்டது. அதில் உள்ள ஓட்டையைச் சொல்ல ஆள் வேண்டாமா?

முடிப்பதற்கு முன் இரண்டு சந்தேகங்களுக்குப் பதில். கெடுவே எதற்கு, கண்ட அன்றே கூவினால் என்ன என்று ஒரு இளந்தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கூவலாம். ஆனால் அன்று ராத்திரியே திருடனும் அதைப் படிப்பான். ஒட்டு வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் அடிபடுவது நீங்களும் நானும், கம்பெனி அல்ல. ஆகவே நியாயமான கெடு வேண்டும். திருடன் ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டான் என்று தெரிந்தால் கெடுவைச் சுருக்க வேண்டும். அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது.

எங்கள் போனுக்கு நாங்கள் என்ன செய்வது என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா கேட்கிறார்கள். புதுப்பிக்கச் சொல்லிப் போனில் அறிவிப்பு வரும். தொந்தரவு என்று தள்ளாதீர்கள். நான் சொன்ன ஒட்டுகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஓட்டையைப் பற்றி ஊருக்குச் சொன்ன பிறகும் ஒட்டுப் போடாத போன்தான் திருடனுக்கு வசதி. உபயோகிக்காததை அழித்துவிடுங்கள். காமிரா, மைக் அனுமதியை எதெதற்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வீட்டுப் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மிக முக்கியமான பேச்சை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு நேரில் பேசுங்கள். பெகாசஸ் மாதிரியானதற்கு இதெல்லாம் முழுப் பாதுகாப்பு ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த லிப்டுக் கயிறு. மூன்று தடவை வாயால் சொன்னீர்கள். நாளைக்குக் கயிறு அறுந்தால், யாரும் சொல்லவே இல்லையே என்பார்கள். ஆகவே எழுதுங்கள். எந்த லிப்டு, கயிறு எந்த இடத்தில் பிரிந்திருக்கிறது, எத்தனை இழை போயிற்று, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், எல்லாம் அதில் வர வேண்டும். இரண்டு பிரதி, ஒன்றில் மானேஜரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே கெடு மூன்று நாள் போதும். அதுவரை அந்த லிப்டில் ஆள் ஏறக்கூடாது. நாலாம் நாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு ஒரு நகல், இந்தப் பத்திரிகைக்கு ஒரு நகல். டீ குடித்துவிட்டு இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுவோம். காகிதம் என்னிடம் இருக்கிறது. தேதியை முதலில் போடுங்கள்.